அப்பாவுக்குப் பனி

குழு: தக்கலை வீடு

சாந்தி அக்கா: மாசியில் அப்பாவுக்கு எழுபது. மோதிரம், வேட்டி ஒன்றும் வேண்டாமாம், பனியைக் கையால் அள்ள வேண்டுமாம். காஷ்மீரில் குல்மார்க் போவோமா?

குமார்: போவோம்

லதா சித்தி: அண்ணனுக்கு வீசிங் உண்டே

ஐயப்பன் மாமா: விவரமாகச் சொல்கிறேன், கேளுங்கள். அங்கே இருப்பது கொண்டோலா, நம் பழனி ரோப் கார் மாதிரிதான், ஆனால் ரொம்பப் பெரியது. ஒரு பெட்டியில் ஆறு பேர். கம்பி நிற்காமல் ஓடும், நிலையத்துக்குள் பெட்டி கம்பியை விட்டுவிட்டு மெதுவாக நகரும், அப்போது ஏற வேண்டும். முதல் கட்டம் கொங்டூரி வரை, 1998இல் வந்தது. அங்கிருந்து அபர்வத் மலைக்கு இரண்டாவது, 2005இல். உச்சி கிட்டத்தட்ட 3,950 மீட்டர், அங்கே காற்று கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. பனிச்சறுக்கு ஆட்கள் அங்கே ஏறித்தான் சறுக்கி இறங்குவார்கள். அத்தானுக்கு அது ஆகாது.

குமார்: அப்பா நன்றாகத்தானே இருக்கிறார்

சாந்தி அக்கா: பழனியிலும் இப்படித்தான் சொன்னாய். காற்றடிக்கிறது என்று ரோப் காரை நிறுத்தியதும் படியேறலாம் என்றாய், திரும்பி வந்து அப்பா இரண்டு நாள் எழும்பவில்லை.

குமார்: அதையே எத்தனை வருஷம் சொல்வாய் அக்கா

ஐயப்பன் மாமா: குல்மார்க்கிலும் காற்று பலமானால் மேல் கட்டம் ஓடாது. டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும்.

பிரபு (குவைத்): செலவை மூன்றாகப் பிரிப்போம்

குமார்: வயல் விற்றபோதும் மூன்றாகத்தான் பிரித்தோமா

லதா சித்தி: மக்களே, அது வேண்டாம் இப்போது. ரப்பர் பால் வெட்டு யார் பார்ப்பது?

பிரபு (குவைத்): ஹிம்சாகர் ரயிலில் போனால் என்ன? கன்னியாகுமரியிலிருந்தே ஜம்மு பக்கம் கத்ரா வரை போகும்

சாந்தி அக்கா: மூன்று நாள், அப்பாவை வைத்துக்கொண்டா?

ஐயப்பன் மாமா: கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, செனாப் ஆற்றின் மேலே உயரமாகக் கட்டிய பாலம் வழியாக. அத்தான் அதைப் பார்த்தால் ரொம்ப சந்தோஷப்படுவார்.

லதா சித்தி: ரயில் என்றால் முந்திரிக்கொத்து செய்கிறேன். கெட்டுப்போகாது

குமார்: எனக்கு அச்சுமுறுக்கும்

அப்பா: எல்லாம் வாசித்தேன். முதல் கட்டம் போதும் மக்களே. அங்கேயும் பனி கிடக்குமா ஐயப்பா?

ஐயப்பன் மாமா: கிடக்கும் அத்தான். அதுவே 3,000 மீட்டருக்கு மேல். மாசியில் நன்றாகக் கிடக்கும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்.

குமார்: அப்பா கூட நான் கீழேயே இருக்கிறேன். மற்றவர்கள் மேலே போய் வாருங்கள்

சாந்தி அக்கா: சரி குமார். அப்போ ரயிலா, விமானமா?

லதா சித்தி: முந்திரிக்கொத்து எத்தனை கிலோ?