ஒன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு வாசிப்புப் பாடம்: நடக்கிற காரியமா?

இரண்டுபிள்ளைஅம்மா: மகள் ஒன்றாம் வகுப்பு. 'கொடி' என்று எழுதிக் காட்டினால் 'கெ... கா... டி' என்கிறாள். எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி நிற்பதுதான் அவளைக் குழப்புகிறது. வகுப்பிலோ எல்லாரும் சேர்ந்து பத்தியே படிக்கிறார்கள். கூட்டத்தோடு வாயசைத்துத் தப்பித்துவிடுகிறாள். அவரவர் நிலைக்கு ஏற்றபடி தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டாமா?

சாக்பீஸ்: சொல்வது சுலபம். 30 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது. எழுத்து, ஒலி, கூட்டி வாசிப்பது எல்லாம் எல்லாருக்கும் பொதுதான். அதை வரிசை தப்பாமல் மொத்த வகுப்புக்கும் நடத்தினாலே பாதிப் பேர் தேறிவிடுவார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்: தனியாகச் சொல்லித்தந்தாலே நல்லது என்றும் நினைக்காதீர்கள். நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே உருவாக்கிய 'ரீடிங் ரெக்கவரி' என்ற வாசிப்புத் திட்டத்தில், பின்தங்கிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் 30 நிமிடம், 12 முதல் 20 வாரம் வரை தனிப் பாடம். அமெரிக்காவில் முதல் வருடம் நல்ல பலன் தெரிந்தது. அதே பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வந்தது. மூன்றாம், நான்காம் வகுப்பில், ஏறக்குறைய அதே நிலையில் இருந்து அந்த உதவி கிடைக்காதவர்களைவிட இவர்கள் பின்தங்கியிருந்தார்கள். படத்தையும் கதைப்போக்கையும் வைத்து ஊகிக்க விட்டதுதான் கோளாறு என்பது எதிர்ப்பவர்கள் வாதம்.

இரண்டுபிள்ளைஅம்மா: ஊகிப்பது எங்கள் வீட்டிலும் நடந்தது! அச்சில் 'குருவி' இருக்கும், பெரியவன் படத்தைப் பார்த்து 'பறவை' என்பான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால்தானே எனக்கே தெரிந்தது? கூட்டத்தில் அது யார் காதில் விழும்?

சாக்பீஸ்: சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். தனியாகக் கேட்பது வேறு, தனிப் பாடம் வேறு. தினம் 5 பேர், ஆளுக்கு 2 நிமிடம் வாசிக்கட்டும். 6 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். அப்புறம், கொம்பில் தடுமாறும் நாலு பேரை ஒன்றாக உட்காரவைத்து அதை மட்டும் பழக்கலாம். ஆனால் அந்த நாலு பேர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வருடம் முழுக்க அதே மூலையில் இருந்தால் 'மக்கு குரூப்' என்று பிள்ளைகளே பேர் வைத்துவிடுவார்கள். அந்தப் பேர் லேசில் போகாது.

ஏட்டுச்சுரைக்காய்: அந்தப் பத்து நிமிடம் மற்ற 25 பேர்?

சாக்பீஸ்: ஜோடி ஜோடியாக ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். சத்தம் காதைப் பிளக்கும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.