மறு: ‘குளோரின் நீக்கம்’ போதாது, ‘காற்றாடல்’ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

குழாய்த் தண்ணீரைத் திறந்து வைத்து அதிலுள்ள குளோரினைப் போக்குவதை, மாடித்தோட்டக் கையேட்டில் ‘குளோரின் நீக்கம்’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. கரியில் வடிகட்டினாலும் நீக்கம்தான், வைட்டமின் சி கலந்தாலும் நீக்கம்தான். நாம் சொல்ல வருவது, குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற சருவத்தில் பிடித்து, குளோரின் காற்றோடு போய்விடும்படி மூடாமல் ஒரு நாள் வெயிலில் வைப்பதை. ‘ஆவியாக்கல்’ என்றால் தண்ணீரே வற்றுவதாகப் பொருள்படும். ‘ஆறவைத்தல்’ என்றால் வெந்நீர்தான் நினைவுக்கு வரும். ‘காற்றூட்டம்’ தண்ணீருக்குள் காற்றைச் செலுத்துவது.

என் பரிந்துரை ‘காற்றாடல்’. ஈரத்துணியைக் காற்றாடப் போடுகிறோம். துணி அப்படியே இருக்க, ஈரம் மட்டும் போகிறது. ‘காற்றாடிய நீர்’ என்ற தொடரும் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது.

இந்தத் துல்லியம் எதற்கு? முக்கடல் அணைத் தண்ணீர் வரும் நாகர்கோவில் வீடுகளில், குழாயைத் திறந்ததும் குளோரின் மருந்து வாடை அடித்தால், செடிக்கு ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக ஊற்றலாம். நுகர்வோர் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அவ்வளவு சிறிய அளவை மண்ணிலுள்ள மக்கிய பொருளே விரைவில் செயலிழக்கச் செய்துவிடும். சிக்கல், செடிக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய உயிர் உரத்தில்தான். அசோஸ்பைரில்லத்தையோ சூடோமோனாஸையோ அப்போதே பிடித்த தண்ணீரில் கரைத்தால், கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து நாம் காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிரையும் கொல்லும். அந்தக் கரைசலுக்குக் ‘காற்றாடிய நீர் 1 லிட்டர்’ என்று கையேட்டில் அச்சிட்டிருந்தால் எவருக்கும் ஐயம் வராது.

விளக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகள் கட்டாயம் வேண்டும். குளோரின் வேறு, உப்பிலுள்ள குளோரைடு வேறு. குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்தால் காற்றாடல் அதைப் போக்காது. தண்ணீர் வற்ற வற்ற உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த நீரும் ஒரே நாளில் காற்றாடாது. அதற்குக் கரி வடிகட்டியோ வைட்டமின் சி-யோ வேண்டும்.

தண்ணீரில் எஞ்சியிருப்பதற்கு ‘எஞ்சு குளோரின்’ என்பதே என் விருப்பம். ‘மீதக் குளோரின்’ நாவில் ஒட்டவில்லை.

இலக்கணம் அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி. நீர் தானாகக் காற்றாடுவது காற்றாடல் என்றால், நாம் அதைச் செய்விப்பதைக் ‘காற்றாட்டல்’ என்று எழுதலாமா, ‘காற்றாடவிடல்’ என்றே எழுத வேண்டுமா? இச்சொல்லை அகராதியில் பதிவதற்குமுன் இதைத் தீர்த்துவிட வேண்டும்.