தாத்தா நோட்டில் உள்ள வைத்தியச் சொற்கள், யாராவது உதவுங்கள்

வணக்கம். நாட்டு வைத்தியம் பார்த்த எங்கள் தாத்தாவின் பழைய நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, எண்ணெய்க் கறை படிந்து பாதிப் பக்கம் ஒட்டிப்போய். தட்டச்சு செய்யலாம் என்று உட்கார்ந்தால் ரெண்டாம் வரியிலேயே முட்டிக்கொண்டது.

"கையான் சமூலம் க பலம்" என்று இருக்கிறது. சமூலம் என்றால் வேரோடு முழுச்செடி, க என்பது தமிழ் எண் 1, பலம் ஏறக்குறைய 35 கிராம். சரி. கையான் கரிசலாங்கண்ணிதான், ஆனால் வெள்ளைப் பூவா, மஞ்சள் பூவா? மஞ்சளைப் பொற்றலைக் கையான் என்பார்களே, அப்படியானால் வெறும் கையான் என்றால் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளலாமா? தாவரவியலில் ரெண்டும் வேறு வேறு பேரினம், அதனால்தான் கேட்கிறேன்.

அப்புறம் சித்திரமூலம். இதுவும் சமூலம் மாதிரி ஏதோ என்று நினைத்துவிட்டேன் (சிரிக்காதீர்கள்), பார்த்தால் கொடிவேலி வேராம், தோலில் பட்டாலே கொப்புளம் போடும் சரக்கு.

கடைசியாக, குன்மம் என்பதற்கு அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது, அல்சரா, வெறும் வாயுத் தொல்லையா? சித்த மருத்துவம் படித்தவர்கள் சொன்னால் நல்லது. எதையும் காய்ச்சிக் குடிக்கப் போவதில்லை, எழுதி வைக்க மட்டும்தான்.