ஃபோர்டு ஈ-350 வேன் ஹைவேயில் அலைகிறது, யோசனை தேவை

வணக்கம். அமெரிக்காவில் ஓடும் 2006 மாடல், நீள பாடி, 15 சீட். மணிக்கு 65 மைலைத் தாண்டினால் நேராக ஓடுவதில்லை. பக்கத்தில் லாரி கடந்தாலோ குறுக்குக்காற்று அடித்தாலோ ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்த வேண்டியிருக்கிறது.

டயர் காற்று கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி முன் 55, பின் 80 பிஎஸ்ஐ. டை ராடு, பால் ஜாயின்டில் (ஸ்டீயரிங்கையும் முன் சக்கரத்தையும் தாங்கும் இணைப்புகள்) ஆட்டமில்லை, டோ (முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) சரி. காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) இடது 3, வலது 3.3 டிகிரி. அலைன்மென்ட் கடையில் "அளவுக்குள்தான் இருக்கு" என்கிறார்கள். இருக்கலாம், ஆனால் காஸ்டர் குறைவாக இருந்தால் சக்கரம் தானாக நடுவுக்குத் திரும்பும் விசையும் குறைவு. மேல் பால் ஜாயின்டில் அட்ஜஸ்டபிள் புஷ் (கோணத்தை மாற்ற உதவும் வளையம்) போட்டு இடது 5, வலது 5.5 வைக்க எண்ணம் (சாலை வலப்பக்கம் சரிவதால் அந்த அரை டிகிரி). இந்த அளவில் ஓட்டுபவர்கள் யாராவது உண்டா? ஸ்டீயரிங் ரொம்பக் கனக்கிறதா?

ரேடியஸ் ஆர்ம் (முன் அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ் நைந்திருந்தால் பிரேக்கில் காஸ்டரே மாறிவிடும், அதை முதலில் மாற்றுவதா? ஸ்டீயரிங் பாக்ஸிலும் நடுவில் கொஞ்சம் லூஸ். செக்டர் ஷாஃப்ட் (பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு) ஸ்க்ரூவைக் கால் சுற்று முடுக்கினால் போதுமா, பாக்ஸையே மாற்றணுமா? கூடுதலாக முடுக்கினால் நடுவில் இறுகிப் பிடிக்கும் என்பதால் இன்னும் தொடவில்லை.

பின்னால் பன்ஹார்ட் ராடு (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போட்டவர்கள் காற்றில் வித்தியாசம் தெரிந்ததா சொல்லுங்கள். ஸ்டீயரிங் டேம்பர் மட்டும் வேண்டாம், அது அதிர்வை அடக்குமே தவிர அலைவதை நிறுத்தாது.