வாடியதும் உதிர்ந்ததும் அழுகியதும்: புழுக்கத்தில் வளர்த்த மிளகாய்

மாடித் தொட்டிக்காரர்:

மிளகாய் வெயிலுக்கு வாடாத பயிராயிற்றே, புழுக்கம் அதை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு என் தொட்டியில் நின்ற ஒரு செடியைக் காட்டியிருக்க வேண்டும். காலையில் கிளை கொள்ளாமல் காய். நண்பகலில் துவண்டது. உச்சி வெயிலில் எந்தச் செடியும் சற்றுத் துவளும், பொழுது சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். இது நிமிரவில்லை. மண்ணில் ஈரம் இருந்தது. இலை மஞ்சளாகவும் இல்லை. பச்சை மாறாமலே தொங்கியது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கத்தியும் கண்ணாடி டம்ளரும் போதும். தண்டின் அடிப்பகுதியை அறுத்து, வெட்டுவாய் மட்டும் தெளிந்த தண்ணீரில் முங்கும்படி ஆடாமல் பிடித்துக்கொண்டேன். சில நிமிடங்களில் அதிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை ஒன்று கீழே இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். இதைக் கண்ட பிறகு மருந்து தேடுவது வீண். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினேன், உரக்குழியில் போடவில்லை. அந்த மண்ணில் தக்காளி, கத்தரி எதையும் வைக்கப்போவதில்லை, அவற்றையும் இதே நோய் தாக்கும்.

இன்னொன்று. ‘இலை சுருண்டுவிட்டது, என்ன தெளிக்கலாம்’ என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது, எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்பதைத்தான். விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து தோணிபோல் இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை குறுகிக் காம்பு நீண்டால் சிலந்திப்பேன். பின்னது எட்டுக்கால் இனம். பல பூச்சிமருந்துகள் அதை அசைப்பதே இல்லை. தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தூளுக்குக் கட்டுப்படும், ஆனால் கடும் வெயில் நாட்களில் தெளித்தால் இலை கருகும். குருத்தை ஒரு வெள்ளைத்தாள் மேல் தட்டி, எது விழுகிறது என்று பார்க்காமல் எதையும் தெளிப்பதை நான் ஒப்புவதில்லை.

பால்கனித் தோட்டக்காரர்:

டம்ளர் சோதனை அருமை ஐயா. எனக்கு வாய்த்த தொல்லை வேறு. பூக்கும், உதிரும். காலையில் தரையைக் கூட்டினால் காம்போடு வெள்ளைப் பூக்கள். ஆளுக்கொரு உரம் சொன்னார்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும், காய் வராது.

காரணம் பெரும்பாலும் இரவில் இருக்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்தால் இருக்கும் மகரந்தமும் ஒட்டிக்கொண்டு உதிராது. நான் உரத்தை நிறுத்தினேன், மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டினேன், காலையில் பூங்கிளைகளை விரலால் மெல்லத் தட்டிவிட்டேன். நிழல்வலையால் இரவு குளிரவில்லை என்பது உண்மைதான். மழை வந்து இரவுச் சூடு தணிந்த பிறகே பிஞ்சு நின்றது. அதுவரை செடியைப் பிழைக்க வைத்திருந்தாலே போதும் என்பது என் கட்சி.

கொல்லைப்புறத்துக்காரி:

நீங்கள் இருவரும் பழுக்கும் முன்பே அழுதுவிட்டீர்கள்; நான் பழுத்த பிறகு அழுதவள். சிவந்த பழத்தில் உள்ளமுங்கிய வட்டம், அதற்குள் வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள்: பழ அழுகல் நோய். மழைத்துளி தெறிக்கும்போது பழத்துக்குப் பழம் பரவுகிறது. அதனால் மழை மாதங்களில் பழுக்கவே விடுவதில்லை, பச்சையாகவே பறித்துவிடுகிறேன். பறிக்கப் பறிக்கச் செடியும் புதிதாகப் பூக்கிறது. சிவப்பு வேண்டுமென்றால் மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேரடியில் விடுவதும், அடியிலைகளைக் கழித்துக் காற்றோட்டம் தருவதும் உதவின.

பறிக்கும்போது காயைப் பிடித்து இழுக்காதீர்கள், கணுவோடு முறிந்துவரும். கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள். உலர்த்துவதுதான் புழுக்கத்தில் பெரும்பாடு: தோல் சருகாகத் தெரியும், பிளந்தால் உள்ளே பூஞ்சணம். நீளவாக்கில் கீறித்தான் காயவைக்கிறேன். கீறும்போது கையுறை அவசியம். காரம் மிகுந்திருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சவ்வில். அந்தக் காரம் தண்ணீரில் கரையாது. எரிந்தால் முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பழம் காணாமல் போனால் அணிலை மட்டும் திட்டாதீர்கள். பறவைகளுக்குக் காரம் உறைக்காது. வலை போட்டுவிடுங்கள்.