கனடாவில் குடித்துவிட்டு ஓட்டிய கேஸ்: அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கும் நண்பர், பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி பெற்றவர், குடிமகன் அல்ல), முதல் தடவை மாட்டியிருக்கிறார். "ஒத்துக்கிட்டு ஆயிரம் டாலர் கட்டினா முடிஞ்சுது" என்கிறார்கள். சரிதானா?

பதில் 1: தயவுசெய்து அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள விடாதீர்கள்.

100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 80 மி.கி.யைத் தொட்டாலே அது டிக்கெட் இல்லை, கிரிமினல் குற்றம். முதல் தடவைக்குக் குறைந்தபட்ச அபராதம் 1,000 டாலர். 120 மி.கி. என்றால் 1,500, 160 என்றால் 2,000. ஊத மாட்டேன் என்றால் அது தனிக் குற்றம், அதற்கும் 2,000. குறைந்தது ஓராண்டு வண்டி ஓட்டத் தடையும் சேரும். ஓடாத வண்டியில் சாவியோடு டிரைவர் சீட்டில் தூங்கியவர்மீதும் கேஸ் விழும். இது பலருக்குத் தெரிவதில்லை.

பி.ஆர்.காரருக்கு உண்மையான ஆபத்து வேறு. 2018 டிசம்பர் 18 முதல் இதற்கான அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாகிவிட்டது. குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நீதிபதி எவ்வளவு கொடுத்தார் என்று மட்டும் பார்ப்பதில்லை, அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்றும் பார்க்கும். அது 10 ஆண்டு என்றால் கடுமையான குற்றம்தான். அதனால் வெறும் அபராதம் கட்டியவர்மீதும் நாட்டைவிட்டு வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கலாம். எல்லாரையும் அனுப்பிவிடுவதில்லை, அதிகாரி சூழ்நிலையைப் பார்ப்பார். சிறைத்தண்டனை 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பி.ஆர்.காரர் வெளியேற்ற உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். ஸ்டடி பர்மிட், வொர்க் பர்மிட்டில் வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

வழக்கறிஞர் கிரிமினல், குடிவரவு இரண்டும் தெரிந்தவராக இருக்கட்டும். முதலில் அரசுத் தரப்பு ஆதாரங்களை எழுதிக் கேட்டு வாங்குவார்: ஊதிய நேரம், கருவி காட்டிய அளவு, வக்கீலிடம் பேசும் உரிமையைப் போலீஸ் சொன்னதா. அதில் ஓட்டை இருந்தால், ஒன்டாரியோ மாகாணச் சட்டத்தின் 'கேர்லெஸ் டிரைவிங்'குக்கு (கவனக்குறைவாக ஓட்டிய குற்றம்) குறைக்கச் சொல்லிப் பேசலாம். அதில் கிரிமினல் ரெக்கார்டு இல்லை. ஆதாரம் வலுவாக இருந்தால் அரசுத் தரப்பு எளிதில் இறங்கி வராது.

பதில் 2: குற்றம் உறுதியானால் கிரிமினல் ரெக்கார்டு தானாக அழியாது. பரோல் போர்டில் 'ரெக்கார்டு சஸ்பென்ஷன்' (பழைய ரெக்கார்டைத் தனியே ஒதுக்கி வைப்பது) கேட்க வேண்டும். கேஸ் சம்மரி முறையில் (சிறிய குற்றங்களுக்கான எளிய விசாரணை) நடந்திருந்தால் 5 ஆண்டு, இன்டைட்டபிள் (கடுமையான குற்றங்களுக்கான முறை) என்றால் 10 ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு தீர்ப்பு நாளில் தொடங்காது, தண்டனை முழுக்க முடிந்த நாளில்தான் தொடங்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அபராதத்தைக் கட்டிவிட்டு, அதன்மேல் பொதுவாக விழும் 30 சதவீத சர்சார்ஜை (கூடுதல் கட்டணம்) மறந்துவிடுவார்கள். 300 டாலர் பாக்கி நின்றால் ஆண்டுகள் எண்ணப்படாது. கட்டிய ரசீதை நீதிமன்ற அலுவலகத்தில் முத்திரையோடு வாங்கி வையுங்கள்.