மறு: சும்மா கொடுக்கும் மென்பொருளில் வரும் வருவாய்க்கு என்ன சொல்?

வணக்கம். கூகுள் ஆண்ட்ராய்டைச் சும்மா கொடுத்துவிட்டு வேறு வழியில் சம்பாதிக்கிறதே, அந்த வருவாய்க்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணை மாதிரிதான் இதுவும். குஞ்சும் தீவனமும் கம்பெனி தருகிறது, பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி. 'வளர்ப்பு வணிகம்' என்று வைக்கலாமே?

அண்ணா, உவமை ருசியாக இருக்கிறது, சொல்தான் ஒட்டவில்லை. கோழி கடைசிவரை கம்பெனியுடையது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் (அதை எழுதிய நிரல்வரிகள்) அப்பாச்சி என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. யாரும் எடுத்து மாற்றித் தன் போனில் போட்டுக்கொள்ளலாம், கூகுளுக்கு ஒரு காசு தர வேண்டாம். அமேசான் தன் ஃபயர் டேப்லெட்டுகளுக்கு அப்படித்தான் செய்தது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால்தான் தனி ஒப்பந்தம். அதோடு தேடல் செயலியும் குரோம் உலாவியும் சேர்ந்தே ஏற வேண்டும் என்று கூகுள் கட்டாயப்படுத்தியதுதான், 2018-ல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் போட்டதற்கு ஒரு முக்கியக் காரணம். காசு விளைவது தேடல் விளம்பரத்திலும் ஸ்டோர் கமிஷனிலும்.

> 'மறைவருவாய்'?

வேண்டாங்க. வருமான வரிக்காரர் கதவைத் தட்டுவது போலிருக்கிறது! விளம்பர வருவாயை கூகுள்காரர்கள் ஆண்டறிக்கையிலேயே போடுகிறார்கள், மறைவு எங்கே? 'பணமாக்கல்' என்றால் 2021-ல் மத்திய அரசு தன் சொத்துகளைக் குத்தகைக்கு விட அறிவித்த திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 'இலவச' என்று தொடங்கும் எதையும் நான் எதிர்ப்பேன். கட்டற்றது (யாரும் மாற்றிப் பகிரலாம்) வேறு, இலவசம் (காசு இல்லை) வேறு என்று இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறோம்.

என் பரிந்துரை 'ஊடுவருவாய்'. எங்கள் ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கு நடுவே சின்ன வெங்காயம் ஊடுபயிர். மஞ்சள் வெட்ட ஒன்பது மாதம் ஆகும். வெங்காயம் அதற்கு வெகு முன்பே காசாகிவிடும். மஞ்சளையும்தானே விற்கிறோம் என்று கேட்பீர்கள். சரி, உவமை அங்கே நொண்டுகிறது. ஆனால் 'ஒன்றின் ஊடாக வருவது' என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. சோமனூர்த் தறிக்காரருக்குப் பாவு நூலின் குறுக்கே ஓடும் ஊடை நூல் நினைவுக்கு வரும், அதுவும் நல்லதுதான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'போன் நிறுவனத்துக்குக் கருவி விற்பது நேர்வருவாய், கூகுளுக்குத் தேடல் விளம்பரம் ஊடுவருவாய்.' நிற்கிறது. வினையாக்கினால்தான் 'ஊடுவருவாய் ஈட்டுதல்' என்று இழுக்கிறது. அப்புறம், யாராவது அதைச் சுருக்கித் தாருங்கள்.